நாற்பத்தோராவது கல்

மூன்றாம் பருவம். பாடத்தின் பெயர்
'மரபுருக்களை ஆவணப்படுத்தல்'. மதிப்பலகு நான்கு.
திபிலிசியில் ஆளுக்கொரு வீட்டு வாசல்கூடம் என்று
சீட்டுக் குலுக்கினார்கள்.
எனக்கு வாய்த்தது சோலோலாக்கி மேட்டுத் தெருவில்:
பூட்டாத கதவு, எரியாத விளக்கு,
நுழைந்ததும் காலடியில்
'வருக' என்று லத்தீனில் பதித்த தரை.
வாசிக்கத் தெரியாமலே நூறு வருடம்
மிதித்துப் பழகிய சொல்.

பதினோரு நாள் மண்டியிட்டேன்.
தேவாலயத்தில்கூட அவ்வளவு மண்டியிட்டதில்லை.
மெழுகுத்தாள், கரிக்கட்டி, அளவுநாடா,
முட்டிக்கடியில் மடித்த சாக்கு.
மாடி வீட்டு நாய் இரண்டாம் நாளே
என் தாளைச் சுற்றிப் போகக் கற்றுக்கொண்டது.
அதை நடத்திக்கொண்டு வந்தவர்
கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை.

கணினியில் எல்லாம் எளிது.
ஒரு கல்லை ஒழுங்காய் வரைந்துவிட்டால் போதும்,
நகலெடு, திருப்பு, ஒட்டு,
எண்பத்தாறும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி.
வெடிப்பை மூடினேன். தேய்ந்த இடத்தில் நிறம் ஏற்றினேன்.
நாற்பத்தோராவது கல்லில் பூவே இல்லை,
கன்றிக் கறுத்த ஒரு வட்டம்.
அக்கம்பக்கத்துக் கற்களிடம் கடன் வாங்கி
அதற்கும் ஒரு பூ வைத்தேன்.
பாடக் கையேடு கறையை
'அகற்றத்தக்கது' என்ற பட்டியலில் வைத்திருந்தது.
ஆசிரியை மக்வாலா "கச்சிதம்" என்றார்.

கண்காட்சிக்கு அந்த வீட்டார் எல்லோரையும் அழைத்தோம்.
வந்தவர் ஒருவர்தான். கோச்சா, இரண்டாம் மாடி,
லிஃப்ட் பழுதுபார்ப்பவர், வேலை உடுப்போடு.
(அந்த வீட்டில் லிஃப்ட் கிடையாது.)
சுவரில் மாட்டிய தரையின் முன்னே நின்று
வரிசை வரிசையாய் விரலால் எண்ணினார்.
பாதியில் விரல் நின்றது.
"இது எங்க வீடு இல்ல."
முகவரியைக் காட்டினேன்.
அரை மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை என்றேன்.

"தொண்ணூத்தி மூணு குளிர்.
கரண்ட் இல்ல, கேஸ் இல்ல, நான் ரெண்டாங் கிளாஸ்.
வீடு மொத்தத்துக்கும் ஒரே மண்ணெண்ணெய் அடுப்பு.
காத்தடிக்காத இடம்னு இந்தக் கல்லுமேல வச்சாங்க.
ஏழு குடும்பம் பாத்திரத்தோட வரிசையில நிக்கும்.
தங்கச்சி பொறந்தப்ப வெந்நி போட்டதும் இதுமேலதான்.
நீங்க தொடைச்சிட்டீங்க."
கோபமில்லை குரலில்.
எந்தக் கம்பி அறுந்திருக்கிறது என்று
சொல்கிற தொனிதான்.
இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சுத்தமான கோப்பு அதற்குள்
பத்துமியில் ஒரு ஹோட்டலுக்குப் போயிருந்தது.
வரவேற்புக் கூடம் முழுக்க ஒட்டப்போகிறார்கள்,
ஆயிரத்து இருநூறு பூ,
ஒன்றுகூடக் கருகாமல்.
அதுவும் பகிர்வுதான்.
வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை,
முன்பணத்தில் பூட்ஸ் வாங்கியிருந்தேன்.

மக்வாலாவிடம் கேட்டேன்: கரியை எந்தக் குறியால் வரைவது?
விரிசலுக்குப் புள்ளிக்கோடு இருக்கிறது,
உடைந்ததற்குச் சாய்கோடு இருக்கிறது.
வெகுநேரம் கையேட்டைப் புரட்டினார்.
"இல்லை," என்றார், "நீயே ஒன்று போடு.
போட்டுவிட்டு, ஏன் என்று ஓரத்தில் எழுது.
மதிப்பெண் பற்றி என்னால் வாக்குத் தர முடியாது."

திங்கட்கிழமை மறுபடி அந்த வாசல்.
நாய் என்னைக் கண்டுகொண்டது.
டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்தேன்.
விட்டம் பதினேழு சென்டிமீட்டர்,
வடக்கே கொஞ்சம் பிதுங்கல்,
கறுப்பின் நடுவே
மூன்று வெளுத்த புள்ளிகள்.
அடுப்பின் கால்கள்.

பதினோரு நாளும்
தேநீர்க் கோப்பையை நான் வைத்தது
இந்தக் கல்லின் மேல்தான்.