தானாய் நிரப்புதல்

நேற்றிரவு நிலக்சன் பென்ட்ரைவில் கொண்டுவந்து
ஏற்றிவிட்டுப் போன புதுப் பிரவுசர்.
"பழசு லான்ட்மாஸ்டர் மாதிரி இழுக்குது அக்கா,
இதைப் பாருங்கோ" என்றான்.
எனக்குப் பழசோடு கோபம் ஒன்றும் இல்லை.

காலை எட்டரை.
வவுனிக்குளத்தில் தண்ணீர் திறந்த கிழமை,
மல்லாவிச் சந்தியில் ஆளில்லை.
போட்டோக்கொப்பி மெசினைச் சூடேற விட்டு
எக்ஸ்ரென்சன்களை ஒவ்வொன்றாய்ப் பூட்டிப் பார்க்கிறேன்.

விளம்பரம் தடுப்பது:
ஒரே பக்கத்தில் நாற்பத்தேழு தடுத்தேனென்று
சிவப்பு வட்டத்துக்குள் புளுகுகிறது.
பத்திரிகை திடீரென்று வெறுங்காணி.
நடுவில் மரண அறிவித்தல்கள் மட்டும் நிற்கின்றன.
அவை விளம்பரம் இல்லையாம்.

திரையைக் கறுப்பாக்குவது:
பூட்டின கையோடு கழற்றினேன்.
அதற்குத்தான் மின்சாரசபை இருக்கிறதே.

மொழிபெயர்ப்பது:
திணைக்களத்தின் சிங்களச் சுற்றறிக்கையைக் கொடுத்தேன்.
"உங்கள் நிலத்தை மரியாதையுடன்
பிடித்து வைத்திருக்கவும்" என்றது.
இரண்டு தரம் வாசித்தேன்.
பிழையோ சரியோ, யாரைக் கேட்பது?

பிறகுதான் அந்தப் பெட்டி எழும்பியது.
பழைய பிரவுசரிலிருந்து எவற்றைக் கொண்டுவர?
குறித்து வைத்த பக்கங்கள். ஓம்.
கடவுச்சொற்கள். ஓம்.
படிவங்களில் தானாய் நிரப்பியவை.

எட்டு வருசம்.
எஸ் என்று தட்டினால் போதும்,
யோகபுரம் பாதி வரிசையில் வந்து நிற்கும்:
சதானந்தன், செல்வமலர்,
இரண்டு தரம் விசா மறுபட்ட சுகிர்தன்,
சிற்றம்பலம் மாஸ்டரின் பென்சன் நம்பர்.
கடையில் கதிரை மூன்று.
உள்ளே இருந்தவர்கள் நானூறு பேர்.

ஓமென்று அமத்த விரல் போக
வாசலில் சைக்கிள் ஸ்ராண்ட் சத்தம்.
அனிஞ்சியன்குளம் பரிமளகாந்தி அக்கா.
கிணறு திருத்தும் மானியம்,
இன்றைக்குக் கடைசித் திகதி.
பெட்டியை ஒதுக்கிவிட்டு
புதிசிலேயே படிவத்தைத் திறந்தேன்.

பி தட்டினேன்.
ஒருவரும் வரவில்லை.
அவவை ஆறு வருசமாய் அறிவேன்,
முதல் நாளுக்குப் பிறகு ஒன்றும் கேட்டதில்லை.
கேட்டேன்.
முழுப்பெயர், ஐசி நம்பர், பிறந்த திகதி.
மடியிலிருந்த பையை நிலத்தில் வைத்துவிட்டு
ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னா.

குடும்ப நிலை?
"அது என்னது?"
கலியாணம் கட்டினதோ, கட்டேல்லையோ,
இல்லாட்டி அவர்...
என்றளவில் என் வாய் நின்றுவிட்டது.
"கட்டினது," என்றா.
"கட்டினதெண்டே போடு."

பழசு என்ன போட்டுவந்தது என்று எனக்குத் தெரியும்.
ஆங்கிலத்தில் ஐந்தெழுத்து.
முதல் நாள் ஏதோ கடிதத்தைப் பார்த்து
நான்தான் தட்டினேன்.
பிறகு கோழிக்கூட்டுக் கடனுக்கும்
தையல் மெசினுக்கும்
மகளின் புலமைப்பரிசிலுக்கும்
அது தானாய் வந்து குந்திக்கொள்ளும்.
நான் அடுத்த பெட்டிக்குப் போய்விடுவேன்.
அவ ஆங்கிலம் வாசிப்பதில்லை.
அடியில் கையெழுத்து மட்டும் வைப்பா,
வடிவான கையெழுத்து.

கட்டினது. தட்டினேன்.
எழுத்துப்பிழை பிடிக்கிற எக்ஸ்ரென்சன்
கோடு ஒன்றும் கீறவில்லை.
பிரின்ட் எடுத்தேன், நூறு ரூபா,
மிச்சம் இருபதுக்கு மகளுக்கு ஒரு பேனை.

அவ போன பிறகு பெட்டி திரும்ப வந்தது.
கொண்டுவரவா? பிறகு நினைவூட்டவா?
பிறகு.

பழசைத் திறந்தேன். பி தட்டினேன்.
பரிமளகாந்தி, கூடவே அந்தச் சொல்.
எல்லாவற்றையும் அழி என்று பொத்தான் இருக்கிறது.
ஒரு சொல்லை மட்டும் அழிக்க எங்கே அமத்துவதென்று
நிலக்சனுக்குக் கோல் எடுக்கிறேன்.
வயலில் நிற்கிறான் போல,
ரிங் போகிறது.