சாய்கோடு, பிறகு, சாய்கோடு

உட்துறைமுக வீதியில்
கடற்றொழிலாளர் சமாசத்து மேல்மாடியில்
எனக்குத் தந்த வேலை இவ்வளவுதான்:
இணையத்தளத்தில் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு பக்கங்கள்,
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.
அட்டவணையில் இரண்டே நிரல்கள்.
இடப்பக்கம் எண், வலப்பக்கம் பாதை.

எனக்கு முன்பு இந்தக் கதிரையில் கோகுலவாசன்.
இப்போது கட்டாரில் என்கிறார்கள்.
மனம் போனபடி கோப்புறைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்,
தமிழை ஆங்கில எழுத்தில் உடைத்து:
பிறகு. பிறகு2. கடைசி. கடைசிக்கடைசி.
எஞ்சின் ஏல அறிவித்தல்கள் முழுக்க
சும்மா என்ற கோப்புறைக்குள்.
அதைத் திறந்தால்
உள்ளே இன்னொரு சும்மா.

மூதூருக்கு ஒரு பக்கம், மூன்று பாதை.
ஒன்றில் ஒரு டீ, ஒன்றில் இரண்டு டீ,
மற்றதில் இரண்டு ஓ.
கடைசியில் சாய்கோடு இருந்தால் ஒரு பக்கம்,
இல்லாவிட்டால் வேறொரு பக்கம்
என்று இயந்திரம் நம்புகிறது.
மூன்றையும் 604இல் கொண்டுபோய்க் கட்டினேன்.
604க்கு எழுத்துப்பிழை கிடையாது.
604க்குள் மூதூரும் கிடையாது,
இறங்குதுறையும் கிடையாது, ஒரு சொட்டு உப்பும் கிடையாது.
அதனால்தான் அது நிலைக்கும் போல.

பரீட்சித்துப் பார்க்க என் பெயரையே ஒரு வரியாக இட்டேன்.
1187 கிடைத்தது.
அழித்தேன்.
அடுத்த பக்கம் 1188 என்று வந்து நின்றது.
இடையில் ஒரு ஓட்டைப்பல்.
நிரப்பலாமா என்று முபீதாவைக் கேட்டேன்.
ரோல்ஸைக் கடித்தபடி
"விடு, குடுத்த நம்பரைத் திருப்பிக் குடுக்கிறேல்ல" என்றாள்.

மூன்று மணிக்கு ஒரு தொலைபேசி.
திருக்கடலூர், பெயர் யோகநிதி.
சமாசம் அனுப்பிய பழைய கடிதத்தின் அடியில்
பக்கத்தின் விலாசம் இருக்கிறதாம்,
கைபேசியில் அடித்தால் ஒன்றும் வரவில்லையாம்.
வராது, அக்கா.
போன கிழமைதான் அந்தக் கோப்புறையை இடம் மாற்றினேன்.
வாசியுங்கோ என்றேன்.

"சாய்கோடு" என்றாள்.
பீ, ஐ, ஆர், ஏ, எச், யூ.
"சாய்கோடு."
பிறகு பீ, ஏ, டீ,
பிறகு நிறுத்தினாள்.
"மடிப்பில ஒரு எழுத்துப் போயிட்டு, தங்கச்சி."

போன எழுத்தின் இடத்தில்
ஓர் அடிக்கோடு போட்டேன்.
எதுவானாலும் சரி என்று
தரவுத்தளத்திடம் சொல்லும் முறை அது.
மிச்சத்தை வாசித்து முடித்தாள்.
மூச்சுவிடும் நேரம்.
ஒரேயொரு வரி வந்தது.
1188.

நீல வள்ளம், வெள்ளைக் கரை.
கார்த்திகை மாதத்து ஒரு திகதி.
கண்டவர்கள் அறியத்தரவும்.
காப்புறுதிக்காரர் கேட்கிறார்களாம்,
அறிவித்தல் போட்டதற்கு அத்தாட்சி.

இலக்கத்தைச் சொன்னேன்.
எழுதுகிற சத்தம் கேட்டது, பேனை மக்கர் பண்ணுகிற சத்தமும்.
"ஒண்டு, ஒண்டு, எட்டு, எட்டு.
இதை மாத்தமாட்டியளே?"
"பாதை மாறும், அக்கா. நம்பர் மாறாது."
"அப்ப, வள்ளம் வந்திட்டா?"
சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.
"வந்தாலும் அதே நம்பர்தான்."
அவள் உடனே வைக்கவில்லை.
நானும் வைக்கவில்லை.

கீழே வாசலில் ஒரு புள்ளிமான்,
யாரோ எறிந்த விண்ணப்பப் படிவத்தை
மேல் மூலையிலிருந்து தின்றுகொண்டிருந்தது.
பெயர் போய்விட்டது, விலாசம் பாதி.
முபீதா கைதட்டினாள். அது அசையவில்லை.

1189.
சும்மா, சாய்கோடு, சும்மா, சாய்கோடு,
வலைவிலை.