ஒன்றரை திர்ஹம்

தேர்தல் குழுவில் எனக்குக் கொடுத்தது
ஓர் இரும்பு அளவுகோல், ஊதா மை ஊறிய முத்திரை,
பதினோரு பக்க விதிகள்.

சுவரொட்டி ஏ-த்ரீயைத் தாண்டக் கூடாது.
கண்ணாடிக் கதவில் கூடாது, தொழுகை அறைப் பக்கம் கூடாது,
பேரீச்ச மரத்தில் ஆணி கூடவே கூடாது.
ஆளுக்கு இருபது. செலவு முந்நூறு திர்ஹம், ரசீதோடு.
எதிராளி பெயரைச் சொல்லாமல் பேச வேண்டும்.
புருஷன் பெயரைச் சொல்லாத பெண்டாட்டி மாதிரி என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.
மொழிபெயர்த்தால் அவ்வளவுதான் மிஞ்சுகிறது.

ரஹாஃபின் சுவரொட்டி நான்கு மில்லிமீட்டர் அகலம்.
இடது ஓரத்தைக் கத்தரித்தேன்.
அரபியில் அவள் பெயரின் கடைசி எழுத்துக்கு
வால் நுனி போயிற்று.
"பரவாயில்லை, வளரும்" என்றாள்.

அஜ்மான் பட்டறையில் அலுமினியம் அறுத்துக்கொண்டே
அப்பா கேட்டார்:
"கொடி கட்டுவாங்களா? ஆட்டோல மைக்கு?"
மின்னஞ்சல்ப்பா. ஒரே ஒரு தடவை.
கடைசி நாள் அதுவும் கிடையாது,
இருபத்து நாலு மணி நேரம் எல்லாரும் வாயை மூடணும்.
"எலக்‌ஷனா, எழவு வீடா?"

அவர் ஓட்டுப் போட்டு இருபத்தேழு வருஷம்.
நடுவில் ஒருமுறை ஊரில் யாரோ
அவர் பெயரில் போட்டுவிட்டார்களாம்.
யாருக்கு என்று இன்றுவரை தெரியாது.
நல்ல ஆளாப் பார்த்துத்தான் போட்டிருப்பான் என்பார்.

வாய்மூடும் நேரத்தில்தான் புகார் வந்தது.
நான்காம் வாசல், இரவு பதினொன்று பத்து.
முஸாப் தன் முகம் ஒட்டிய கோப்பையில்
கரக் டீ கொடுத்தான். படம் இணைப்பு.
வாங்கியவர்: காவலர் கேம்ராஜ் தாப்பா.

விசாரணை அறையில் ஏசி பதினெட்டில் இருந்தது.
முஸாப் சொன்னான்:
கோப்பை மிச்சம் இருந்தது. அவருக்கு ராத்திரி டியூட்டி.
ஜெஸ்லின் விதி ஏழை வாசித்தாள்,
பைபிள் வாசிக்கிற குரலில்:
எந்த வாக்காளருக்கும் உணவோ பானமோ.

தாப்பாவை அழைத்தோம்.
தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு
கோப்பையை மேசைமேல் வைத்தார்.
சாட்சிப் பொருள்.
கழுவிக் கொண்டு வந்திருந்தார்.
முஸாபின் முகம் நனைந்து
ஒரு காது உரிந்திருந்தது.

என்ன கேட்கிறோம் என்று புரிந்ததோ இல்லையோ,
சட்டைப் பையில் துழாவினார்.
ஒரு திர்ஹம். இரண்டு கால் திர்ஹம்.
கோப்பைக்குப் பக்கத்தில் அடுக்கினார்.
"வெளியே இதுதான் ரேட்டு" என்றார் ஹிந்தியில்.

யாரும் காசைத் தொடவில்லை.
தலைவி ஒமைமா விதியை இன்னொரு முறை படித்தாள்,
'வாக்காளர்' என்ற சொல்லின் மேல் விரல் வைத்து.
பிறகு என்னைப் பார்த்தாள்.
குறிப்பேடு என் பொறுப்பு.

எழுதினேன்:
பெற்றவர் வாக்காளர் அல்ல.
புகார் தள்ளுபடி.

எழுதி முடித்ததும்
கையெழுத்து அதற்குக் கீழேதான் வாங்க வேண்டியிருந்தது.
தாப்பா நேபாளியில் போட்டார், தலைக்கோடு இழுத்து,
அந்தக் கோடு என் வாக்கியத்தின் அடியில் போய் முட்டியது.
முடிஞ்சுதா என்று கேட்டுவிட்டு
தொப்பியை மாட்டிக்கொண்டு வெயிலுக்குப் போனார்.

ஒன்றரை திர்ஹத்தை எந்தக் கணக்கில் ஏற்றுவது?
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
உறையில் போட்டு, முத்திரை குத்தி,
அலமாரியில் வைத்திருக்கிறேன்.

முஸாப் ஒன்பது ஓட்டில் தோற்றான்.
நானும் போட்டேன்,
அட்டையைக் காட்டி, திரையைத் தொட்டு, நாற்பது வினாடி.
பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் நான் பார்த்த முதல் ஓட்டு,
என்னுடையது.

"மை வச்சாங்களா?" அப்பாவின் குரல் அறுப்பு மிஷினைத் தாண்டி.
இங்கே மை கிடையாது.
ஆனால் ஒரு வாரம் முத்திரை குத்தி
வலது கட்டைவிரல் ஊதாவாகிக் கிடந்தது.
படம் எடுத்து அனுப்பினேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பதில்:
தப்பு விரல்.
இடது கை, ஆட்காட்டி.
நகமும் தோலும் சேருற இடத்துல வைக்கணும்னு
அவங்ககிட்ட சொல்லு.