விகுதி

கோபன்ஹேகனிலிருந்து முடிவு வந்துவிட்டது.
இந்தப் பறவை இத்தனை காலம்
தப்பான வீட்டில் குடியிருந்ததாம்.
போன மழைக்காலத்தில் அதன் கால்விரல் அடியில்
நொய்யரிசி அளவு நறுக்கி அனுப்பியது நான்தான்.
நூற்றுப்பத்து வருடத்துத் தோல்.
கத்தி பட்டதும் பழுப்பாக ஏதோ உதிர்ந்தது,
ஊதித் தள்ள மனமில்லாமல்
அதையும் உறையில் போட்டேன்.

பேரினம் மாறினால் விகுதி மாற வேண்டும்.
பழையது லத்தீனில் ஆண்பால், புதியது பெண்பால்.
ஆக, சொலிட்டேரியஸ் இனிமேல் சொலிட்டேரியா.
டாக்டர் ஹ்லபங்கானா இதைச் சொல்லிவிட்டு
சர்க்கரை தேடிப் போனார்.

புலவாயோவில் அன்று மின்சாரம் இல்லை.
ஜன்னல் பக்கம் தட்டைத் தூக்கிப் போய்ப் பார்த்தேன்.
கண் இருந்த இடத்தில் பஞ்சு.
காலில் மூன்று சீட்டுகள், மூன்று கையெழுத்துகள்.
எதையும் அவிழ்க்கக் கூடாது, மேலே மேலே கட்டலாம்.
முதல் சீட்டின் மூலையில் பெண் குறி,
பக்கத்தில் பொடி எழுத்தில்: சினைப்பை சிறியது.
ஆண்பால் பெயரைச் சுமந்துகொண்டு
இவ்வளவு நாளும் கிடந்தது ஒரு பெட்டை.

எங்கள் இண்டெபெலேயில் இந்தத் தொல்லை இல்லை.
பறவை, மழை, மலை, வீடு
எல்லாம் ஒரே வகுப்பு, ஒரே முன்னொட்டு.
மனிதர்களுக்குத்தான் தனி பெஞ்சு.

ட்ரெமெய்ன் என்பவர் லண்டனில் உட்கார்ந்து பெயர் வைத்தார்.
பேரினம் மாறியதால், விதிப்படி,
இன்று முதல் அவர் அடைப்புக்குறிக்குள்.
இரண்டு வளைவுகளை நானே போட்டேன்,
கொஞ்சம் இறுக்கமாக.

தனித்தது என்று அவர் எழுதக் காரணம்
பெட்டியில் வந்தது ஒன்றே ஒன்று.
மட்டோப்போ பாறைகளில் இதை யாரும்
தனியாகப் பார்த்திருக்க முடியாது.
விடியுமுன் ஏழெட்டுச் சேர்ந்து
ரேஷன் வரிசை போலக் கத்தும்.
அங்கே இதற்குப் பெயரே சண்டைக்காரிகள்.

சுட்ட கேப்டனின் நோட்டுப் புத்தகம்
மேல்தளத்தில் இருக்கிறது.
மே பதினொன்று:
'ஒன்று கிடைத்தது. மூன்று பறந்தன என்கிறான் பையன்.
நான் பார்க்கவில்லை.'
கடைசிப் பக்கத்துச் செலவுக் கணக்கில்
உப்புக்கும் ஆர்செனிக்குக்கும் நடுவே:
மபுசா, ஆறு பென்ஸ்.

மாற்ற முடியுமா என்று கேட்டேன்.
டாக்டர் கரண்டியால் சுற்றிக்கொண்டே சொன்னார்:
பெயர் பொய் என்பது
பெயரை நீக்கக் காரணம் ஆகாது.
விகுதியை மட்டும் திருத்து.

திருத்தினேன்.
நாலாவது சீட்டு, கறுப்பு மை, பெண்பால்,
அடைப்புக்குறி, வருடம்.
பதிவேட்டில் குறிப்புகளுக்கு என்று ஒரு கட்டம்,
எப்போதும் காலியாகவே விடுவோம்.
பென்சிலைச் சீவி அதில் எழுதினேன்:
மூன்று பறந்தன. பார்த்தவர் மபுசா.

அழித்தாலும் அழிப்பார்கள்.

இந்த இழுப்பறை பாதியில் சிக்கும்.
முழங்காலால் ஒரு தள்ளு தள்ள வேண்டும்.
உள்ளே நாலு சீட்டும் சரசரத்தன.