ஜீரோ பாத்துக்கங்க

காளவாசல் தாண்டி பைபாஸ் பங்க்கில்
ராத்திரி ஷிப்ட் எனக்கு.
ஒரு வண்டிக்கு ஒரு தடவை,
ஒரு ராத்திரிக்கு முந்நூறு தடவை
அதே வாக்கியம்:
ஜீரோ பாத்துக்கங்க.
யாரும் பார்ப்பதில்லை.
போனைப் பார்ப்பார்கள்.
அதில் எங்கேயோ ஒரு ஊர் எரிந்துகொண்டிருக்கும்,
இல்லாவிட்டால் நம்ம ஊரிலேயே
யாரோ யாரையோ வெட்டியிருப்பார்கள்.
டேங்க் நிரம்பியதும்
அந்தச் செய்தியோடு போய்விடுவார்கள்.

எனக்கு ஒரு கணக்கு உண்டு,
எந்த மீட்டரிலும் ஏறாதது.
இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.
சவரிநாயகம் நடத்திய சீட்டு.
ஞானஒளிவுபுரத்தில் தொண்ணூறு வீடு.
ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து
எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனவன்தான்.
திருப்பூர் என்றார்கள். பம்பாய் என்றார்கள்.
நர்சிங் சேர இருந்த என் மகள் ஆக்னஸ்
மெடிக்கல் ஷாப்பில் பில் போடுகிறாள்.

அவன் மனைவி சகாயராணி எங்கும் போகவில்லை.
அதுதான் கஷ்டம்.
ஓடிப்போனவனை ஒருமுறை வெறுத்தால் போதும்.
தினமும் காலைப் பூசைக்கு வருகிறவளை
தினமும் வெறுக்கவேண்டியிருக்கிறது.

ஷிப்ட் முடிந்ததும் பெட்ரோல் வாடையோடு
நேராகக் கோயிலுக்கு வருவேன்.
தூணுக்குப் பின்னால் என் இடம்,
அவள் முதுகுகூடத் தெரியாத கோணம்.
செபத்தில் 'பொறுப்பது' என்று வரும் இடத்தில்
நாலு வருஷமாக எனக்கு இருமல்,
எந்த டாக்டரிடமும் காட்டாத இருமல்.

படகுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கையில்
தலையணை வைத்துத் தூங்கினாரே,
அவரிடம் நான் கேட்டது ஒன்றுதான்:
எப்படி முடிந்தது உமக்கு?
பகலில் நான் கண்ணை மூடினால்
தொண்ணூறு வீட்டுக் கதவும் தட்டும்.

போன ஆடியில் ஒரு ராத்திரி, மூன்று மணி இருக்கும்.
காற்று பங்க் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது.
ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.
பின் சீட்டில் பையன், போர்வைக்குள்,
காய்ச்சலில் பல் கிட்டி நடுங்கிக்கொண்டு.
"பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்"
என்றாள், என்னைப் பார்க்காமல்.
பிறகு பார்த்தாள்.
அடுத்த பங்க் இரண்டு கிலோமீட்டர்.
கையை நீட்டினாள். ஐம்பது ரூபாய், முழுக்கச் சில்லறை.
உண்டியலை உடைத்த சில்லறைக்கு
ஒரு சூடு உண்டு.

நாசிலைச் சொருகினேன்.
வாய் தானாகச் சொன்னது:
ஜீரோ பாத்துக்கங்க.

அவள் பார்த்தாள்.
குனிந்து, எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி
அந்தச் சிவப்புச் சைபர்களை
ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.
"பாத்துட்டேண்ணே."

நானும் திரும்பிப் பார்த்தேன்,
இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தவன்.
எவ்வளவு காலியாக இருந்தது அது.

ஐம்பதுக்குத்தான் போட்டேன்.
கூட ஒரு சொட்டு இல்லை.
பெரிய மனுசன் ஆவதற்கு
அப்போது நேரமில்லை. பையன் நடுங்கிக்கொண்டிருந்தான்.

நாலாம் நாள் பூசையில் இருந்தாள், பையனோடு.
ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம்
தூணைத் தாண்டி எட்டிப் பார்த்தது நான்தான்.
கும்பிட்டேன். கும்பிட்டாள்.
வாய்வரைக்கும் வந்தது
பங்க்கில் சொல்லும் வாக்கியம்.
விழுங்கிவிட்டேன்.
கோயிலில் சிரிப்பு வந்துவிடும்.

பணம் வரவில்லை. வராது.
ஆக்னஸிடம் இதைச் சொல்லவில்லை.
அவள் கணக்கு அவளுடையது,
அதில் என் விரல் படக்கூடாது.
எனக்குமே சில காலைகளில் இருமல் திரும்புகிறது.
ஒவ்வொரு வண்டிக்கும்
புதிதாக அழுத்தினால்தான் சைபர்.

ஆனால் அன்றைக்குப் பகலில்
தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டினார்கள்.
மாரியம்மன் கோயில் கூழுக்கு ரேடியோ கட்டியிருந்தார்கள்.
பக்கத்து வீட்டு டிவியில் நாலு பேர்
ஒரே நேரத்தில் நாட்டைப் பற்றிக் கத்தினார்கள்.
இதெல்லாம் பிறகு ஆக்னஸ் சொன்னது.
உலுக்கித்தான் எழுப்பினாளாம்:
"அப்பா, மணி ஏழு. ஷிப்டுக்குப் போகலையா?"

தலையணையில்
எச்சில் ஈரம்.