வகையறா

ரங்கூனில் தட்டச்சு அடித்த பாகப்பட்டியல்,
பதினேழாம் உருப்படி:
கேண்டலாப்ரா.
எண்ணிக்கை எழுதிய கட்டத்தை
ஏதோ பூச்சி தின்றிருக்கிறது.

தேவகோட்டை சார்பு நீதிமன்றத்தில்
அந்த ஓட்டைக்கு நாலு வருஷம்,
பதினோரு வாய்தா.

சிகப்பி தரப்பு வக்கீல் எழுந்தார்.
"ஒன்று என்றால் கேண்டலாப்ரம், கனம் ஐயா.
'ம்' கழன்று 'ஆ' வந்தால் பன்மை.
லத்தீன் அப்படி.
ஆகவே விளக்கு இரண்டு.
ஒன்று ஹாலில் நிற்கிறது.
மற்றது எங்கே?"

எல்லோரும் பிரதிவாதியைப் பார்த்தார்கள்,
வேட்டி மடிப்பில் அது இருப்பதுபோல.

எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார்.
"டேட்டா தீர்ந்துபோச்சு என்கிறோம்,
தீர்ந்துபோயின என்றா சொல்கிறோம்?
அஜெண்டாவும் அங்கே பன்மைதான்.
நேற்று சங்கக் கூட்டத்தில் அண்ணனே
'அஜெண்டாக்கள்' என்றார்.
மழைக்கோட்டு போட்டுக் குடையும் பிடித்த மாதிரி."

நீதிபதி கண்ணாடியைத் துடைத்தார்.
"ஸ்டேடியம், ஸ்டேடியா. சரி.
மியூசியத்துக்கு மியூசியா என்பீர்களா?"
பெஞ்ச் கிளார்க் அதையும் குறித்துக்கொண்டார்.
பிறகு என் பக்கம் திரும்பி,
"மொழிபெயர்ப்பாளர் என்னம்மா சொல்றீங்க?"

பக்கத்துக்கு முப்பது ரூபாய் எனக்கு.
அந்த வரிக்குக் கொடுத்தது ஒரே சொல்:
கொத்துவிளக்கு.
முன்னால் 'ஒரு' இல்லை, பின்னால் 'கள்' இல்லை.
விளக்கு எரிந்தது. விளக்கு எரிந்தன.
நம் மொழியில் இரண்டும் சரி.
வினைச்சொல் வந்து கையைப் பிடிக்கிறவரை
அஃறிணை தன் கணக்கைச் சொல்லாது.
பட்டியலில் ஏது வினை?
வாங்கியதா, வந்ததா, ஏற்றியதா, ஒன்றும் இல்லை.
பெயர்கள் மட்டும், ஒன்றன்கீழ் ஒன்றாக.

"தப்பிக்கப் பாக்குறீங்க."
"இல்லை ஐயா, மூலத்தில் இருப்பதுதான்."

கமிஷனரோடு கண்டனூர் வீட்டுக்குப் போயிருந்தேன்.
விளக்குக்குத் தண்டு ஒன்று, கை ஐந்து,
ஒரு கை மூளி.
தேக்கு மேஜையில் வட்டக் கறை இரண்டு.
இரண்டு விளக்கு நின்றிருக்கலாம்.
ஒன்றே இடம் மாறியும் நின்றிருக்கலாம்.
கமிஷனர் இரண்டையும் எழுதிக்கொண்டு
இளநீர் குடித்தார்.

பன்னிரண்டாவது வாய்தா.

மாலை பஸ் ஸ்டாண்டில் பிரதிவாதி நின்றார்.
வழக்குத் தலைப்பில் அவர்
'மெ. சாத்தப்பன் வகையறா'.
வகையறாவில் ஆறு பேர்:
மூவர் போய்ச் சேர்ந்தார்கள்,
இருவர் பினாங்கில்,
ஒருத்தி கையெழுத்தோடு சரி.
நாலு வருஷமாக அவரை நான்
பன்மையிலேயே ஆங்கிலமாக்குகிறேன்.
பிரதிவாதிகள் வந்தார்கள், மறுத்தார்கள்,
அவகாசம் கேட்டார்கள்,
பிரதிவாதிகளுக்கு மூட்டுவலி.

கண்டனூர் வண்டி வந்தது.
"எத்தனை?" என்றார் கண்டக்டர்.
அவர் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார்.
பிறகு ஒரு விரலைக் காட்டினார்.
"சில்லறையாக் குடுங்க."