சொல்

நான் இருபத்து நான்கு நொடிப் பெட்டிக்காரி.
பந்து கை மாறினால் அழுத்துவேன்,
வளையத்தைத் தொட்டால் மறுபடியும்.
திங்கள் முதல் வெள்ளி வரை செந்தூலில் காப்புறுதி அலுவலகம்.
சனிக்கிழமை இரவு புடுவில்,
மழை கைதட்டலைவிடச் சத்தமாக விழும்
தகரக் கூரை அரங்கின் மேசையோரம்.

லெரான் பிக்கெட், வயது முப்பத்தேழு.
படிவத்தில் 'இறக்குமதி' என்ற கட்டத்தில் அவன் பெயர்.
ஆள் மாற்றும்போது உள்ளே போகிறவன்
எங்கள் மேசையருகே குந்தியிருக்க வேண்டும், விசில் வரும்வரை.
குந்தினாலும் அவன் தலை
நாற்காலியில் இருக்கும் என் தலைக்கு மேலேதான்.
பதின்மூன்று வருட ஐரோப்பாவை
அந்த அரை நிமிடங்களில்தான் கேட்டேன்,
வரிசையில்லாமல், வியர்வை என் தாள்மேல் சொட்ட.

லித்துவேனியாவில் கிளப் கொடுத்த குட்டிக் கார்.
முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்கின் இருபுறம்.
பனியில் கதவு ஒட்டிக்கொண்டது ஒருநாள், ஜன்னல் வழியே அவன்
விசில்.

பாத்ராஸில் நான்கு மாதம் சம்பளம் இல்லை.
தலைவர் வீடு தேடி வந்து
ஆலிவ் எண்ணெய் டின் பதினாறு இறக்கினார்.
"வாங்கிக்கொண்டாயா?"
"சமைத்தேன்."

ஸாதாரில் காசு எறிந்தார்கள், நெற்றியைக் குறிபார்த்து.
பொறுக்கி எண்ணினான்.
ஒரு காப்பிக்குக் கொஞ்சம் குறைந்தது.

ஸ்பெயினில் ஓர் ஊர், ஆறு வாரம்,
பெட்டியைப் பிரிக்கவே இல்லை, ஊர்ப் பெயர் மறந்துவிட்டது.
எதிர்ப்பக்க ரொட்டிக் கடையின் பெயர் மட்டும் சொன்னான்.

மகள் டோலிடோவில் பிறந்த இரவு
ஓஸ்டெண்டில் அவனுக்கு ரீபவுண்டு பதினொன்று.
பிள்ளை எத்தனை எடை என்றேன். தெரியவில்லை.
அன்று மட்டும்
விசில் வெகுநேரம் வரவில்லை.

அரையிறுதி. ஒரு புள்ளி பின்னால். நான்கு நொடி.
அந்த நேரத்தில் என் பெட்டியை அணைத்துவிடுவோம்,
சும்மா பார்க்கலாம்.
பந்து கோ வெய் ஹான் கையில்.
மூலையில் காவல் இல்லாமல் நின்ற லெரான் கத்தினான்:
"சொல்! சொல்! சொல்!"

பன்னிரண்டு வருடத்தில் இந்தத் திடலிலிருந்து
ஒருவரும் தமிழில் கூப்பிட்டதில்லை.
விருட்டென்று எழுந்தேன். என்னத்தைச் சொல்ல?
வெய் ஹானும் விழித்தான்,
மாண்டரினில் தேடி, கண்டோனீஸில் தேடி,
பந்தை நெஞ்சோடு அணைத்தபடி.
பலகையைச் சுற்றிச் சிவப்பு எரிந்தது.

ஐஸ் பையை முழங்காலில் கட்டிக்கொண்டு அவனே வந்தான்.
துருக்கி மொழியில் இடப்பக்கம் அது.
இஸ்தான்புல்லில் இரண்டு சீசன் ஆடியது.
"ஒன்பது மொழியில் எனக்கு இடது தெரியும்.
அவசரத்தில் எது வாயில் வரும் என்று தெரியாது.
உன் மொழியில் எப்படி?"
இடது என்றேன்.
இததூ, இடடு என்று நாக்கைப் புரட்டிப் பார்த்தான்.
'சொல்' எங்களுக்கு என்ன என்றும் சொன்னேன்.
சிரிப்பான் என்று நினைத்தேன்.
ஐஸ் பையை அவிழ்த்து மற்ற முழங்காலுக்கு மாற்றினான்.

ஆட்டத்தாளில் ஏறியது இவ்வளவுதான்:
தோல்வி, 71க்கு 70. இறக்குமதி, 22.

ஜூனில் ஒப்பந்தம் முடிந்தது.
ஜார்ஜியாவுக்குப் போய்விட்டான் என்றார் கிளப் மேனேஜர்.
எந்த ஜார்ஜியா என்று கேட்க விட்டுப்போயிற்று.
ஒன்றில் குளிர்கால ஆட்டம் உண்டு,
மற்றதிலிருந்து டோலிடோவுக்கு ஒரு நாள் கார்ப் பயணம்.

நேற்று மழையில் கிராப் பிடித்து வந்தேன்.
ஜாலான் ஈப்போ சிம்பாங்கில் ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார்:
"எந்தப் பக்கம்க்கா?"
"சொல்," என்றேன்.
அவர் காத்திருந்தார்.
பச்சை விழுந்தது, பின்னால் ஹாரன் மேல் ஹாரன்.
கையை நீட்டிக் காட்டினேன்.